பிரஸ் கழுவிய நாள் இரவில் காய்ச்சல்: எஸ்டிபி ஆபரேட்டர் ஒருவருக்குப் பதில்

கேள்வி: எனக்கு 29 வயது. மெக்கானிக்கல் டிப்ளமோ. பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலைய) ஆபரேட்டராக காண்ட்ராக்ட் கம்பெனி மூலம் வேலை செய்கிறேன். பிளாண்ட் முழுவதும் பேஸ்மென்டில், கார் பார்க்கிங்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்தும் ஏரேஷன் டேங்குக்கு மூடி கிடையாது. இரண்டு எக்ஸாஸ்ட் ஃபேனில் ஒன்று ஓடுவதில்லை. வாரத்துக்கு இரண்டு முறை, கழிவுநீர்ச் சேற்றை (ஸ்லட்ஜ்) அழுத்தித் தண்ணீரைப் பிழிந்தெடுக்கும் ஃபில்டர் பிரஸ்ஸைப் பிரித்து, ஒட்டியிருக்கும் காய்ந்த ஸ்லட்ஜைச் சுரண்டிவிட்டு, பிரஷர் ஜெட் வைத்துக் கழுவுகிறேன். அந்த நாட்களில் இரவு எட்டு மணிக்கு மேல் குளிர் எடுக்கிறது, காய்ச்சலும் உடம்பு வலியும் வருகிறது. காலையில் எழுந்தால் ஒன்றுமே இல்லை. ஊருக்குப் போய்த் திரும்பி வந்தால் முதல் நாள் ரொம்ப மோசம். அடிக்கடி வயிற்றுப்போக்கு வேறு. ஒரு மாதமாக வறட்டு இருமலும் விடவில்லை. பக்கத்து கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாடிக் தருகிறார்கள். காற்றிலேயே பாக்டீரியா இருக்கும் என்று நண்பர் சொன்னதால் அசோசியேஷனில் கேட்டேன். ஆள் வரவழைத்துக் காற்றைச் சோதித்துவிட்டு, ‘பாக்டீரியா குறைவுதான், பயமில்லை’ என்கிறார்கள். எனக்கு இருப்பது என்ன நோய்? வீட்டில் எட்டு மாதக் குழந்தை இருக்கிறது, அதற்கும் ஒட்டிக்கொள்ளுமா? இந்த வேலையை விட்டுவிடலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்:

தம்பி, டாக்டருக்குத் தேவையான விவரங்களை நீங்களே சரியாகக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். பிரஸ் கழுவிய நாளில் மட்டும் சில மணி நேரம் கழித்துக் காய்ச்சல் வருகிறது. விடிவதற்குள் தானாக இறங்கிவிடுகிறது. லீவு முடிந்து வந்த முதல் நாளில் அதிகமாக இருக்கிறது. தொற்றுநோய் இப்படி நாள் பார்த்து வந்து மறுநாளே போகாது. டைபாய்டோ டெங்குவோ உங்கள் ஷிப்ட் அட்டவணையைப் பார்த்து வருவதில்லை. கடிதத்தை மட்டும் வைத்து முடிவாகச் சொல்ல முடியாது என்றாலும், உங்களுக்கு வருவது பெரும்பாலும் எண்டோடாக்சின் காய்ச்சல்தான் என்று நினைக்கிறேன்.

எண்டோடாக்சின் என்பது ஒருவகை பாக்டீரியாக்களின் வெளிச்சுவரில் உள்ள பொருள். மனிதக் குடலிலும் சாக்கடையிலும் ஏராளமாக இருக்கும் ஈ கோலி, கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ் போன்ற கிராம் நெகட்டிவ் பாக்டீரியாக்கள் எல்லாவற்றிலும் அது உண்டு. பாக்டீரியா செத்துப் போனாலும் அதன் சுவர் துகள்களாகக் காற்றில் மிதக்கும். அது நுரையீரலுக்குள் போனதும் உடம்பு, பெரிய படையெடுப்பு ஒன்று வந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறது. வெள்ளணுக்கள் நுரையீரலை நோக்கி ஓடுகின்றன, காய்ச்சலை உண்டாக்கும் ரசாயனங்கள் ரத்தத்தில் கலக்கின்றன. இதற்கெல்லாம் நாலிலிருந்து எட்டு மணி நேரம், சிலருக்கு இன்னும் சற்றுக் கூடுதலாகவும் பிடிக்கும். மதியம் பிரஸ் கழுவினால் இரவு எட்டு மணிக்குக் குளிர் எடுப்பது அதனால்தான். உள்ளே வளர்கிற உயிருள்ள கிருமி எதுவும் இல்லாததால், மறுநாளைக்குள் எல்லாம் அடங்கிவிடுகிறது.

ஆகவே இந்தக் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக்கால் எந்தப் பயனும் இல்லை. மாத்திரை போட்ட மறுநாள் சரியாகிவிட்டதால் மாத்திரைதான் சரியாக்கியது என்று உங்களுக்கும் தோன்றியிருக்கும், கிளினிக் டாக்டருக்கும் தோன்றியிருக்கும். போடாமல் இருந்திருந்தாலும் அதே நேரத்தில்தான் இறங்கியிருக்கும். அடிக்கடி ஆன்டிபயாடிக் எடுத்தால் அதனாலேயே வயிற்றுப்போக்கு வரும் என்பதையும் கணக்கில் வையுங்கள். இன்னொரு கவலையும் எனக்கு இருக்கிறது. வீடுகளிலிருந்து வரும் கழிவுநீரில் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் நிறைய இருக்கின்றன. அதன் நடுவில் தினமும் நிற்கிற ஒருவர் தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் சாப்பிட்டால், குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்கள் செத்து, அடங்காதவை குடியேற இடம் கிடைத்துவிடும். நாளைக்கு உண்மையிலேயே ஒரு தொற்று வரும்போது மருந்து வேலை செய்ய வேண்டும் இல்லையா?

உங்கள் தொழிலில் இந்தக் காய்ச்சல் புதிதல்ல. ஸ்வீடனைச் சேர்ந்த ராக்னர் ரைலாண்டரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1976-லேயே லான்செட் மருத்துவ இதழில் கழிவுநீர் நிலையத் தொழிலாளர்களின் நோய்க்குறிகளைப் பற்றி எழுதினார்கள். காய்ந்த ஸ்லட்ஜ் தூசியில் வேலை செய்தவர்களுக்குக் காய்ச்சல், கண் எரிச்சல், சோர்வு, வயிற்றுப்போக்கு எல்லாம் சேர்ந்து வந்தன. உங்கள் கடிதத்தில் இருப்பதும் கிட்டத்தட்ட அதே பட்டியல்தான். நம் ஊரிலேயே இதற்கு நெருங்கிய சொந்தம் ஒன்று உண்டு. கோவை, திண்டுக்கல், ராஜபாளையம் பக்கத்து ஸ்பின்னிங் மில்களில் வாரவிடுமுறை முடிந்து வரும் முதல் நாள் நெஞ்சு இறுக்கமாக இருக்கிறது என்று சொல்லும் தொழிலாளர்களைப் பார்த்திருப்பீர்கள். பஞ்சுத் தூசியால் வரும் பிஸ்ஸினோசிஸ் என்ற நோயின் ஆரம்பம் அது. பஞ்சிலும் இதே எண்டோடாக்சின் இருக்கிறது, அந்த நோய்க்கு முக்கியக் காரணங்களில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள். தினமும் தூசி உள்ளே போனால் உடம்பு ஓரளவு பழகிக்கொள்ளும். இரண்டு மூன்று நாள் விலகியிருந்தால் அந்தப் பழக்கம் போய்விடும், திரும்பி வந்த அன்று முழு வேகத்தில் எதிர்வினை காட்டும். ஊருக்குப் போய் வந்த மறுநாள் நீங்கள் படும் பாடு இதுதான். பழகிவிட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காய்ச்சல் வராத நாளிலும் நுரையீரல் அந்தத் தூசியை வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது. வருடக்கணக்கில் போனால் நாள்பட்ட இருமல், சளி, மூச்சுக்குழாய் சுருக்கம் வரலாம்.

அசோசியேஷன் செய்த காற்றுச் சோதனை பற்றிச் சொல்ல வேண்டும். அவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை, அவர்கள் அளந்தது வேறு. வழக்கமாகச் செய்வது, காற்றை ஒரு ஊட்டத்தட்டின் மேல் படவைத்து, ஓரிரண்டு நாளில் எத்தனை பாக்டீரியாக் கூட்டங்கள் முளைக்கின்றன என்று எண்ணும் சோதனை. உயிரோடு இருந்து அந்தத் தட்டில் வளரக்கூடியவை மட்டும்தான் அதில் தெரியும். குடல் வகை பாக்டீரியாக்கள் தண்ணீரை விட்டுக் காற்றுக்கு வந்து துளி காய்ந்ததும் சீக்கிரம் செத்துவிடும். செத்தது தட்டில் முளைக்காது. ஆனால் அதன் எண்டோடாக்சின் அப்படியே இருக்கும், உங்கள் மூக்குக்குள்ளும் போகும். அதனால் அந்த ரிப்போர்ட்டில் எண்ணிக்கை குறைவாக இருப்பதும் உங்களுக்குக் காய்ச்சல் வருவதும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. எந்த நாளில், எந்த நேரத்தில் சோதித்தார்கள் என்றும் கேளுங்கள். பிரஸ் ஓடாத ஒரு காலையில் எடுத்திருந்தால் அது உங்கள் வேலையை அளக்கவே இல்லை. எண்டோடாக்சினைத் தனியாக அளக்கலாம். சட்டையில் சிறு பம்ப்பையும் ஃபில்டரையும் மாட்டி ஷிப்ட் முழுக்கக் காற்றைச் சேகரித்து லேபுக்கு அனுப்ப வேண்டும். நெதர்லாந்தின் சுகாதார மன்றம் 2010-ல் எட்டு மணி நேர வேலைக்கு ஒரு கன மீட்டர் காற்றில் 90 எண்டோடாக்சின் அலகு என்று ஒரு வரம்பைப் பரிந்துரைத்தது. நம் நாட்டில் இதற்குச் சட்ட வரம்பு இல்லை. அதனால் அளவு தெரியும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் உடம்பு வாரம் இரண்டு முறை அளந்து சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது.

பாக்டீரியா காற்றுக்கு எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் எதைத் தடுக்க வேண்டும் என்பது உங்களுக்கே புரியும். ஏரேஷன் டேங்கில் புளோயர் காற்றை டிஃப்யூசர் வழியே அடியிலிருந்து அனுப்புகிறது. மேலே வரும் ஒவ்வொரு குமிழியும் வழியில் பாக்டீரியாக்களைத் தன் மேல் ஒட்டிக்கொண்டு வருகிறது. மேற்பரப்பில் உடையும்போது குழிந்த இடத்தின் நடுவிலிருந்து ஒரு மெல்லிய தாரை எழும்பி, சிறு துளிகளாகப் பிரிந்து மேலே தெறிக்கிறது. அந்தத் துளிகளில், டேங்க் தண்ணீரில் இருப்பதைவிடப் பல பத்து மடங்கு, சிலசமயம் நூறு மடங்குக்கும் மேல் பாக்டீரியா இருக்கும். கண்ணுக்குத் தெரியாத இந்தத் துளிகளில் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகி, மிச்சம் துகளாக மிதக்கிறது. கோயம்பேடு, கொடுங்கையூர் போன்ற பெரிய நிலையங்களில் இதே வேலைதான் நடக்கிறது, ஆனால் அங்கே டேங்குக்கு மேலே வானம் இருக்கிறது. காற்று அடித்துக்கொண்டு போய்விடும், வெயில் பாக்டீரியாவைக் கொல்லும். உங்கள் பேஸ்மென்டில் வெயிலும் இல்லை, காற்றும் இல்லை. சின்ன பிளாண்ட் என்பதால் ஆபத்தும் சின்னது என்று கணக்குப் போட முடியாது.

ஆனாலும் உங்கள் விஷயத்தில் முதல் குற்றவாளி ஏரேஷன் டேங்க் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. டேங்கின் பக்கத்தில் தினமும் நிற்கிறீர்கள், காய்ச்சல் வருவதோ பிரஸ் நாளில். காய்ந்த ஸ்லட்ஜைச் சுரண்டும்போது வருவது, செத்த பாக்டீரியா தூளாகிப் பறப்பது. அதன் பிறகு பிரஷர் ஜெட் அடிக்கும்போது மிச்சம் இருப்பதும் பனிபோல மேலே கிளம்புகிறது. மூடிய இடத்தில் இதைவிட மோசமான இரண்டு வேலைகளை அடுத்தடுத்து வைக்க முடியாது. இதை மாற்றுவதற்குச் செலவு கிடையாது. பிரஸ்ஸைப் பிரித்த உடனே, பிழிந்த ஸ்லட்ஜ் கட்டி (கேக்) ஈரமாக இருக்கும்போதே பிளாஸ்டிக் கரண்டியால் எடுத்துவிடுங்கள், காயவிடாதீர்கள். காய்ந்துவிட்டால் சுரண்டுவதற்கு முன் சாதாரண ஹோஸில் மெதுவாக நனைத்து ஊறவையுங்கள். பிரஸ்ஸின் ஃபில்டர் துணிகளை ஜெட்டால் அடிப்பதற்குப் பதில் தொட்டியில் ஊறவைத்து பிரஷ்ஷால் தேய்க்கலாம். ஜெட்தான் வேண்டும் என்ற நிலை வந்தால் பிரஷரைக் குறைத்து, பிரஸ்ஸை மூன்று பக்கமும் தார்ப்பாய் கட்டி மறைத்து, எக்ஸாஸ்ட் ஓடும்போது மட்டும் செய்யுங்கள். தரையில் சிந்திய ஸ்லட்ஜை ஒருபோதும் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், தண்ணீர் விட்டு வழித்து எடுங்கள். கழிவுநீரில் வரும் குப்பையைத் தடுக்கும் கம்பித் தடுப்பான பார் ஸ்கிரீனில் சேர்வதும் அப்படித்தான், காய்வதற்குள் மூடி போட்ட டப்பாவுக்குப் போய்விட வேண்டும்.

அடுத்தது எக்ஸாஸ்ட். ஓடாத ஃபேனைச் சரிசெய்யச் சொல்வது சலுகை கேட்பது ஆகாது. இரண்டும் ஓடினாலும், புதுக் காற்று உள்ளே வர வழி இல்லையென்றால் பாதிதான் பயன். ஒரு பக்கம் புதுக் காற்று வர வேண்டும், எதிர்ப்பக்கம், பிரஸ்ஸுக்கும் டேங்குக்கும் அருகிலிருந்து, கெட்ட காற்று வெளியேற வேண்டும். நடுவில் நீங்கள் நிற்கும் இடம் புதுக் காற்று வரும் பக்கத்தில் இருக்க வேண்டும். வெளியேறும் காற்றைப் பார்க்கிங்கிலோ குழந்தைகள் விளையாடும் இடத்திலோ விடாமல், குழாய் வைத்துக் கட்டடத்துக்கு மேலே கொண்டுபோவதுதான் முறை. ஏரேஷன் டேங்குக்கு எஃப்ஆர்பி (கண்ணாடியிழை பிளாஸ்டிக்) மூடி போட்டு, மூடிக்கு அடியில் சேரும் காற்றைத் தனிக் குழாயால் இழுத்துவிட்டால் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும். அசோசியேஷன் கூட்டத்தில் பேசும்போது, இந்தக் காற்று பார்க்கிங்குக்கும் லிஃப்டுக்கும் போகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அது உண்மை. அவர்களும் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள்.

முகமூடியைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. நிறைய இடங்களில் ஒரு பாக்கெட் சர்ஜிகல் மாஸ்க் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். துணி மாஸ்க்கும் சர்ஜிகல் மாஸ்க்கும் இந்தத் துகள்களுக்குப் போதாது, ஓரங்களில் காற்று தாராளமாக உள்ளே போகும். என்95 அல்லது ஐஎஸ் 9473 முத்திரையுள்ள எஃப்எஃப்பி2 வாங்கித்தரச் சொல்லுங்கள். தலைக்குப் பின்னால் போகும் இரண்டு பட்டை உள்ளதாக இருக்கட்டும், காதில் மாட்டுவது சரியாகப் பொருந்தாது. வெப்பத்தில் மூச்சு முட்டினால் வால்வு வைத்தது எடுத்துக்கொள்ளலாம். தாடி இருந்தால் எந்த மாஸ்க்கும் முகத்தோடு ஒட்டாது, பிரஸ் வேலை செய்பவர் மழித்துக்கொள்வது நல்லது. ஈரமானதும் மாற்றுங்கள், பிளாண்டுக்குள் ஆணியில் மாட்டி வைக்காதீர்கள். ஜெட் அடிக்கும்போது கண்ணாடியும் போடுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: என்95 தூசியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. கழிவுநீரிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷவாயு அதன் வழியே நேராக உள்ளே போகும். அழுகிய முட்டை நாற்றம் திடீரென்று நின்றுவிட்டால் வாயு போய்விட்டது என்று அர்த்தம் இல்லை, 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் நூறு பங்கு) அளவில் மூக்கு அதை உணரும் சக்தியையே இழந்துவிடும். கலெக்‌ஷன் டேங்கிலோ ஸ்லட்ஜ் டேங்கிலோ எக்காரணம் கொண்டும் இறங்காதீர்கள். பம்ப் அடைத்துக்கொண்டது, ஐந்து நிமிட வேலைதான் என்று சூப்பர்வைசர் சொன்னாலும் இறங்காதீர்கள். இப்படிச் சொல்லி இறக்கப்பட்டவர்களும், அவர்களைக் காப்பாற்ற இறங்கியவர்களும் நம் நகரத்திலேயே எத்தனையோ பேர் செத்திருக்கிறார்கள். பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றம் என்கிறது. இரவு ஷிப்டில் தனியாக இருக்கிறீர்கள் என்றால் இன்னும் கவனம் வேண்டும்.

இப்போது வயிற்றுப்போக்கு. காற்றில் வருவதற்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கொஞ்சம் பெரிய துளிகள் நுரையீரல்வரை போவதில்லை, மூக்கிலும் தொண்டையிலும் படிந்துவிடும். அங்கே சளி அதைத் தொண்டைக்குத் தள்ளும், நாம் தெரியாமலே விழுங்கிவிடுவோம். நுரையீரலின் மேல்பகுதியில் படிந்ததும் அதே வழியில்தான் வெளியேறி வயிற்றுக்குப் போகும். கூடவே கை வழியாகப் போவது வேறு. இதில் எல்லாரும் மறப்பது செல்போன். கையுறை போட்டு ஸ்லட்ஜ் தொட்டுவிட்டு, கையுறையோடு போனை எடுத்துப் பேசிவிட்டு, அப்புறம் கையுறையைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவி, சாப்பாட்டு நேரத்தில் அதே போனைத் தொட்டால் கழுவியது வீண். பிளாண்டுக்குள் போனை ஜிப் கவரில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், வெளியே வந்ததும் கவரைக் கழற்றிவிடுங்கள். டிபன் பாக்ஸும் தண்ணீர் பாட்டிலும் ஆபரேட்டர் மேஜையில் இருக்கிறதா? அந்த மேஜை டேங்கிலிருந்து எவ்வளவு தூரம்? சாப்பிடுவதும் டீ குடிப்பதும் பிளாண்டுக்கு வெளியே, வேறு காற்று உள்ள இடத்தில் நடக்க வேண்டும். அப்படி ஒரு இடம் தருவது கம்பெனியின் பொறுப்பு.

ஒரு மாதமாக இருக்கும் இருமலை நான் எண்டோடாக்சின் கணக்கில் மட்டும் எழுதிவிட மாட்டேன். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் நம் நாட்டில் சளிப் பரிசோதனை செய்து காசநோய் இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசம். கழிவுநீரால் உங்களுக்குக் காசநோய் வந்திருக்கும் என்று சொல்லவில்லை, அது ஒருவரின் இருமலிலிருந்து இன்னொருவருக்கு வருவது. வீட்டில் குழந்தை இருப்பதால் இதை இந்த வாரமே முடித்துவிடுங்கள். அது இல்லையென்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது ஆஸ்துமா. மூச்சை எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் மருந்துக்கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். காலையில் எழுந்ததும், வேலைக்குள் நுழையும் முன், முடித்த பின், படுக்கும் முன் ஊதி, வந்த எண்ணைக் குறித்துவையுங்கள். ஒவ்வொரு தடவையும் மூன்று முறை ஊதி, அதில் பெரியதை எழுதுங்கள். வேலை நாளில் 20 சதவீதத்துக்கு மேல் இறங்கி, விடுமுறையில் ஏறினால் வேலையிடம்தான் மூச்சுக்குழாயைச் சுருக்குகிறது என்பதற்கு அது வலுவான சாட்சி. கிருமியைக் கொல்லத் தண்ணீரில் கலக்கும் ஹைப்போ என்ற குளோரின் கரைசலின் நெடியாலும் இப்படி இருமல் வரும். ஹைப்போ கேனைத் திறந்து ஊற்றும் வேலை உங்களுடையது என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஹைப்போவோடு ஆசிட் எதையும் ஒருநாளும் கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

இன்னொன்றும் இந்தக் காய்ச்சலைப் போலவே தோன்றும். லெஜியோனெல்லா என்ற பாக்டீரியாவை மூச்சில் இழுப்பதால் வரும் பான்டியாக் காய்ச்சல் அது. டென்மார்க்கில் ஒரு உணவுத் தொழிற்சாலையின் கழிவுநீர் நிலையத்தில், சிறிய மூடிய அறைக்குள் ஸ்லட்ஜிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் டிகேன்டர் இயந்திரத்தைப் பழுதுபார்த்த ஐந்து பேருக்கு அது வந்தது பதிவாகியிருக்கிறது. அதுவும் தானாகச் சரியாகிவிடும். அதே பாக்டீரியாவால் கடும் நிமோனியாவும் வரலாம் என்பதுதான் பயம். பிரான்ஸின் வடக்கே ஆர்ன் ஊரில் 2003 முடிவிலும் 2004 தொடக்கத்திலும் ஒரு பெட்ரோ கெமிக்கல் ஆலையின் கூலிங் டவரிலிருந்து கிளம்பி 86 பேருக்கு வந்தது, 18 பேர் இறந்தார்கள். அந்த ஆலையின் கழிவுநீர்க் குளத்திலும் லெஜியோனெல்லா இருந்தது. சூடான தொழிற்சாலைக் கழிவுநீரில்தான் அது அதிகம் பெருகும். வீட்டுக் கழிவுநீர் பிளாண்டில் அந்த அளவு ஆபத்து குறைவு. ஆனாலும் காய்ச்சல் ஒருமுறை மறுநாளும் இறங்காமல், மூச்சு வாங்கினால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள், வேலை என்ன என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

இது முக்கியமாக எலிக்காய்ச்சலுக்குப் பொருந்தும். காற்றில் வராது, எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் தோலில் உள்ள கீறல் வழியாகவும் கண் வழியாகவும் போவதால் வருவது. மழைக்காலத்தில் பேஸ்மென்டில் எலிக்குப் பஞ்சம் இருக்காது. காய்ச்சல் தொடர்ந்து இருந்து, கெண்டைக்காலில் கடும் வலி, கண் சிவப்பு, சிறுநீர் குறைவது, மஞ்சள் நிறம் இதில் எது சேர்ந்தாலும் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. அதற்கு ஆன்டிபயாடிக் உயிர் காக்கும். மேலே நான் எழுதியதை வைத்து, எந்தக் காய்ச்சலுக்கும் ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பிரஸ் நாளின் இரவில் வந்து விடிவதற்குள் போகும் காய்ச்சலுக்குத் தேவையில்லை, அவ்வளவுதான். அதற்கு பாரசிட்டமால், நிறையத் தண்ணீர், ஓய்வு போதும்.

தடுப்பூசிகளைப் பொறுத்தவரை டெட்டனஸ், ஹெபடைடிஸ் பி, டைபாய்டு மூன்றும் போட்டுக்கொள்ளுங்கள். ஹெபடைடிஸ் ஏ நம்மில் பலருக்குச் சிறுவயதிலேயே வந்துபோய் எதிர்ப்புசக்தி இருக்கும், ரத்தப் பரிசோதனையில் இல்லை என்று தெரிந்தால் மட்டும் போடலாம். எண்டோடாக்சினுக்குத் தடுப்பூசி கிடையாது.

குழந்தை பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் காய்ச்சல் குழந்தைக்குத் தொற்றாது, அது தொற்றுநோயே இல்லை. உடையிலும் காலணியிலும் முடியிலும் ஒட்டி வருவதுதான் விஷயம். தவழும் வயதுக் குழந்தை தரையைத் தொட்டு வாயில் வைக்கும். சீருடையைப் பிளாண்டிலேயே மாற்றி, முடிந்தால் அங்கேயே குளித்துவிட்டுக் கிளம்புங்கள். குளிக்க வசதி இல்லையென்றால் வீட்டுக்குள் நுழைந்ததும் நேராகக் குளியலறை, அப்புறம் குழந்தை. பிளாண்டு செருப்பு வீட்டு வாசலுக்கே வரக் கூடாது. சீருடையைக் கம்பெனியே துவைத்துத் தர வேண்டும். வீட்டுக்கு வருகிறதென்றால் உதறாமல் தனி வாளியில் ஊறவையுங்கள், குழந்தைத் துணியோடு சேர்க்க வேண்டாம். உங்கள் மனைவி துவைக்கிறார் என்றால் அவரிடமும் இதைச் சொல்லுங்கள்.

வேலையை விடலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். இப்போதைக்கு விட வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். வேலை செய்யும் முறையை மாற்றி, எக்ஸாஸ்ட் ஓடி, நல்ல மாஸ்க் போட்டபின் காய்ச்சல் நின்றுவிட்டால் தொடரலாம், பெரும்பாலானவர்களுக்கு நின்றுவிடும். பீக் ஃப்ளோ வேலையில் இறங்கிக்கொண்டே இருந்தாலோ, மாடி ஏறும்போது மூச்சு வாங்கினாலோ, எடை குறைந்தாலோ கதை வேறு. நுரையீரல் திசுவே அழற்சியாகும் ஹைபர்சென்சிடிவிட்டி நிமோனைடிஸ் என்ற நோய் தொடங்கியிருக்கலாம், ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். அது உறுதியானால் அந்தக் காற்றை விட்டு விலகியே ஆக வேண்டும், மாஸ்க்கை நம்பித் தொடரக் கூடாது.

அப்படி ஒரு நிலை வந்தாலும் வெறுங்கையோடு போக வேண்டியதில்லை. உங்கள் சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் கம்பெனி இஎஸ்ஐ கட்டியிருக்க வேண்டும், சம்பளச் சீட்டில் பிடித்தம் இருக்கிறதா பாருங்கள். கரிமத் தூசியைச் சுவாசிப்பதால் வரும் நுரையீரல் அழற்சியும், கிருமி தொற்றும் ஆபத்துள்ள வேலையால் வரும் தொற்றுநோய்களும் இஎஸ்ஐயின் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. கே.கே.நகர் இஎஸ்ஐ மருத்துவமனையில் தொழில்நோய்களுக்கென்று தனி மையம் உண்டு, டிஸ்பென்சரி டாக்டரிடம் அங்கே எழுதித்தரச் சொல்லுங்கள். போகும்போது ஒரு நோட்டை எடுத்துப் போங்கள். அதில் இன்றிலிருந்து தேதி, அன்று செய்த வேலை, பிரஸ் கழுவினீர்களா, எத்தனை மணிக்குக் காய்ச்சல் தொடங்கியது, எத்தனை டிகிரி, எப்போது இறங்கியது, பீக் ஃப்ளோ எண்கள் எல்லாவற்றையும் எழுதிவாருங்கள். முடிந்தால் காய்ச்சல் இருக்கும் இரவிலேயே ஒரு ரத்த அணுப் பரிசோதனை எடுங்கள். அப்போது வெள்ளணு கூடி, இரண்டு நாளில் இயல்புக்கு வந்திருந்தால் அதுவும் டாக்டருக்கு உதவும். எக்ஸாஸ்ட் ஃபேன் பழுது பற்றி சூப்பர்வைசரிடம் வாயால் சொன்னது போதாது. தேதியிட்டு வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ கம்பெனிக்கும் அசோசியேஷனுக்கும் இன்றே அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள்.